மார் பட்டம்: ஒரே பெயர், இரண்டு ஏர்ல்கள்

நீங்கள் கேட்டிருப்பது இது: ஸ்காட்லாந்தின் மிகப் பழைய ஏர்ல் (உயர்பிரபு) பட்டம் 'மார்' என்று படித்தீர்கள். வாரிசு வரிசையைத் தேடினால் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் 31-ஆவது கவுன்டஸ் ஆஃப் மார், அதாவது ஏர்லுக்கு நிகரான இடத்தில் ஒரு பெண்மணி. இன்னொருவர் 14-ஆவது ஏர்ல் ஆஃப் மார். இதில் அசல் வாரிசு யார், ஒரு பட்டம் எப்படி இரண்டானது, பெண் எப்படி அந்த இடத்துக்கு வந்தார் என்று மூன்று கேள்விகளாக எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் மூன்றும் ஒன்றுதான். இந்தப் பட்டம் ரத்தத்தின் வழியாக இறங்குகிறதா, சாசனத்தின் வழியாக இறங்குகிறதா? இதற்கு எழுநூறு ஆண்டுகளாக ஆளுக்கொரு பதில் சொன்னதால்தான் இன்றைக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. எடின்பரோவில் பழைய குடும்பங்களின் நிலச் சாசனங்களையும் கடிதங்களையும் படித்து, யார் யாருக்குக் கொடுத்தது, எந்தத் தேதி, யார் சாட்சி என்று அட்டவணை போடும் வேலையில் பதினாறு வருடம் இருந்தேன். ஆவணம் சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் பார்த்துப் பழகியவன். அதனால் சட்ட நுணுக்கத்தில் என் சொல்லை முடிவாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஆவணங்கள் பற்றிச் சொல்வதை நம்பிக் குறித்துக்கொள்ளலாம்.

மார் என்பது அபர்டீன்ஷயரில் டீ, டான் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் நிலப்பகுதி. அதன் தலைவனுக்கு கேலிக் மொழியில் 'மோர்மேர்' என்று பெயர். அந்தச் சொல்லுக்கே 'பெரிய அதிகாரி' என்று ஒரு பொருளும் 'கடல் அதிகாரி' என்று ஒரு பொருளும் சொல்லி இன்னும் வாதிடுகிறார்கள். 1014-இல் அயர்லாந்தில் நடந்த க்ளான்டார்ஃப் போரில் பிரையன் போருவின் பக்கம் நின்று இறந்தவர்களில் எய்மீன் மகன் டோனல் என்ற மார் மோர்மேரும் ஒருவர் என்று அயர்லாந்து ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. இது உறுதியான செய்தி. அடுத்து 1110-களில் ருவாத்ரி என்ற பெயர் சாசனச் சாட்சிகளின் வரிசையில் வருகிறது. இதுவும் உறுதி. ஆனால் அந்த டோனலுக்கும் இந்த ருவாத்ரிக்கும் நடுவே நூறு வருட இடைவெளி. ஒருவர் இன்னொருவரின் கொள்ளுத்தாத்தா என்று காட்ட எந்த ஆவணமும் இல்லை. ஆயிரம் வருடம் அறுபடாத வம்சம் என்று யாராவது எழுதினால், இந்த இடத்தில் நிறுத்திச் சான்று கேளுங்கள்.

ருவாத்ரிக்குப் பிறகும் பாதை நேராக இல்லை. மோர்கண்ட் என்ற ஏர்லுக்கு 1171-இல் அரசர் வில்லியம் மார் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்ததாக ஒரு சாசனம் 17-ஆம் நூற்றாண்டில் அச்சேறியது. குடும்ப வரலாறு எழுதுகிறவர்களுக்கு அது தேன் மாதிரி. பின்னால் வந்த அறிஞர்கள் பலர் அது போலி என்றே கருதினார்கள். நானும் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 13-ஆம் நூற்றாண்டின் நடுவில் டர்வர்ட் குடும்பத்தின் ஆலன் கிளம்பி, அப்போதைய ஏர்ல் வில்லியமின் முன்னோர் முறையான திருமணத்தில் பிறந்தவர்கள் இல்லை, பட்டம் எனக்கே உரியது என்றார். விஷயம் போப்பாண்டவர் வரை போனது. வில்லியமின் கையில் பட்டம் நிலைத்தது. ஆக, 'அசல் வாரிசு யார்' என்ற உங்கள் கேள்வி 1250-களிலேயே கேட்கப்பட்ட கேள்வி.

வில்லியமின் மகன் டோனல்டுக்கு இசபெல்லா என்று ஒரு மகள். ராபர்ட் புரூஸ் அரசராகும் முன்பு மணந்த முதல் மனைவி அவர்தான். அவர்களுடைய மகள் மார்ஜரி, மார்ஜரியின் மகன் இரண்டாம் ராபர்ட், அவரிலிருந்து ஸ்டூவர்ட் அரச வம்சம். மார் குடும்பத்துப் பெண் ஒருத்தி இல்லாமல் ஸ்டூவர்ட் அரசர்கள் இல்லை. இந்த இணைப்பில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. இந்த டோனல்டின் பேரன், அவர் பெயரும் டோனல்டுதான், நாட்டுக்கே ஆட்சிக்காவலராகி, 1332 ஆகஸ்டில் டப்லின் மூர் (Dupplin Moor) போரில் இறந்தார். அவர் மகன் தாமஸுக்குப் பிள்ளை இல்லை. அப்போது பட்டம் எங்கே போனது? தாமஸின் சகோதரி மார்கரெட்டுக்கு. மார்கரெட்டின் மகன் ஜேம்ஸ் டக்ளஸ் 1388-இல் ஆட்டர்பர்ன் போரில் விழுந்தபோது, ஜேம்ஸின் சகோதரி இன்னொரு இசபெல்லாவுக்கு. சகோதரன் போனால் சகோதரி என்று அடுத்தடுத்து இரண்டு தடவை நடந்திருக்கிறது. யாரும் அதை விசித்திரமாக எழுதி வைக்கவில்லை. பெண் எப்படி வந்தார் என்று கேட்டீர்களே, பதில் இங்கேயே இருக்கிறது. பழைய மார் நிலமும் பட்டமும் ஒட்டிப் பிறந்தவை. நிலம் மகளுக்குப் போகும் என்றால் பட்டமும் கூடவே போனது.

இந்த இசபெல்லாவின் கதையில்தான் முடிச்சு விழுகிறது. அவர் கணவர் மால்கம் டிரம்மண்ட் அரசியின் சகோதரர். 1402 வாக்கில் ஒரு கும்பல் அவரைப் பிடித்துச் சிறை வைத்தது, சிறையிலேயே இறந்தார். கும்பலை அனுப்பியவர் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் என்று பலர் சொல்வார்கள். நிரூபணம் இல்லை. அலெக்சாண்டர் யார் என்றால், 'பேடனாக் ஓநாய்' என்று பேர் வாங்கிய அரசகுமாரரின் மகன், முறையான திருமணத்தில் பிறக்காதவர். 1404-இல் அவர் ஆட்களோடு வந்து இசபெல்லாவின் கில்ட்ரம்மி கோட்டையைப் பிடித்தார். ஆகஸ்ட் 12-ஆம் தேதி இசபெல்லா ஒரு சாசனம் கொடுக்கிறார். மார் ஏர்ல் பட்டமும் நிலமும் அலெக்சாண்டருக்கு, தங்கள் இருவருக்கும் பிள்ளை இல்லாவிட்டால் அலெக்சாண்டரின் வாரிசுகளுக்கு. கோட்டையைப் பிடித்தவன் பக்கத்தில் நிற்கும்போது எழுதிய சாசனம் என்ன மதிப்புப் பெறும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அதனால் செப்டம்பரில் ஒரு காட்சி நடக்கிறது.

கில்ட்ரம்மிக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். இப்போது இடிபாடுதான். வாசலில் இருந்த இரட்டை வட்டக் கோபுரங்களின் அடித்தளம் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. உள்ளே தேவாலயத்தின் கிழக்குச் சுவரில் ஒடுங்கி உயர்ந்த மூன்று சாளரங்கள் மட்டும் முழுசாக இருக்கின்றன. அந்த வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, பிஷப்பும் பெரிய மனிதர்களும் ஊராரும் பார்த்திருக்க, அலெக்சாண்டர் கோட்டையையும் அதிலுள்ள பொருட்களையும் பத்திரங்களையும் இசபெல்லாவிடம் ஒப்படைத்து, சாவிக்கொத்தை அவர் கையில் வைத்தார். 'இனி உன் விருப்பம்' என்பது அதன் பொருள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே இசபெல்லா, தன் சொந்த விருப்பத்தில் அவரைக் கணவராகத் தேர்ந்தெடுப்பதாகச் சொன்னார். ஸ்காட்லாந்தில் நிலம் கைமாற அந்த நிலத்திலேயே நின்று பிடி மண்ணும் கல்லும் கையில் கொடுக்கும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. ஆக, கையில் ஒன்றை வைப்பது வெறும் சடங்கு கிடையாது, அதுதான் சட்டம்.

டிசம்பர் 9-ஆம் தேதி மறுபடி ஒரு சாசனம். அலெக்சாண்டர் தன் ஆயுள் வரை ஏர்ல், பிள்ளை இல்லாவிட்டால் எல்லாம் இசபெல்லாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். மறு மாதமே அரசர் மூன்றாம் ராபர்ட் இந்த டிசம்பர் சாசனத்தைத்தான் உறுதி செய்தார். ஆகஸ்ட் சாசனத்தை உறுதி செய்யவில்லை. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. சந்தேகம் இருப்பது இசபெல்லாவின் மனதைப் பற்றி. பழைய ஆசிரியர்கள் இதை முழுக்க வன்முறை என்று எழுதினார்கள். பின்னால் வந்த சிலர், சுற்றிலும் எதிரிகள் நிற்க, தன் நிலத்தைக் காக்கத் தெரிந்த ஒரு படைத்தலைவரை அவரே தேர்ந்திருக்கலாம் என்று வாசிக்கிறார்கள். அலெக்சாண்டர் 1411-இல் ஹார்லா போரில் அபர்டீன் பக்கத்துப் படைக்குத் தலைமை தாங்கியதைப் பார்க்கும்போது அந்த வாசிப்பிலும் நியாயம் தெரிகிறது. ஆனால் டிசம்பர் சாசனத்தில், 'பிறகு என் ரத்தத்துக்கே திரும்பட்டும்' என்று ஒரு வரியை எழுத வைத்தவர் அந்தப் பெண். அவருக்கு என் மரியாதை எப்போதும் உண்டு.

இசபெல்லா 1408-இல் பிள்ளை இல்லாமல் இறந்தார். சாசனப்படி அலெக்சாண்டர் ஆயுள் முடியும்வரை காத்திருந்து, பிறகு இசபெல்லாவின் உறவினருக்குப் போக வேண்டும். ஆனால் 1426-இல் அலெக்சாண்டர், அரசர் முதலாம் ஜேம்ஸிடம் பட்டத்தை ஒப்படைத்துவிட்டு, தனக்கும் தன் மகன் தாமஸுக்கும், அதன்பின் அரசருக்கும் என்று புதிதாக எழுதி வாங்கினார். ஆயுள் உரிமை மட்டும் உள்ளவர் எப்படி இப்படி எழுதி வாங்க முடியும்? முடியாது என்பது ஒரு கட்சி. அரசரே கொடுத்தால் முடியும் என்பது மறு கட்சி. மார் வழக்கின் ஆணிவேர் இந்த 1426-தான். மகன் தந்தைக்கு முன்பே இறந்தார். 1435-இல் அலெக்சாண்டர் இறந்ததும் அரசர் மாரைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

இங்கே எர்ஸ்கின் குடும்பம் உள்ளே வருகிறது. ராபர்ட், லார்டு எர்ஸ்கின் (லார்டு என்பது ஏர்லுக்குக் கீழ்ப்படி), தான் மார் குடும்பத்து எலைன் என்ற பெண்ணின் வழியில் வந்தவர் என்றும், இசபெல்லாவுக்கு இனி நெருங்கிய ரத்தம் தானே என்றும் சொன்னார். அந்தக் காலத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்கள் கொண்ட நடுவர் குழு கூடி, இன்னார் இறந்தவருக்கு வாரிசு என்று சத்தியம் செய்து சொல்லும். அதை எழுதி அரசு அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள். அதனால் அந்தத் தாளுக்கு 'ரெட்டூர்' என்றே பெயர். 1438-இல் ராபர்ட் அப்படி வாரிசு என்று அறிவிக்கப்பட்டு, தன்னை ஏர்ல் ஆஃப் மார் என்று எழுதிக்கொண்டார். அரசர் அப்போது சிறுவன். சிறுவன் வளர்ந்து இரண்டாம் ஜேம்ஸாக உட்கார்ந்ததும், 1457-இல் அபர்டீனில் இன்னொரு நடுவர் குழு கூடி, முந்தைய குழு சொன்னது தவறு என்றது. மார் அரசருடையதானது. அதன்பின் நூறு வருடம் அரசர்கள் அதைத் தம் மகன்களுக்கும் சகோதரர்களுக்கும் கொடுத்துக் கொடுத்து வாங்கினார்கள். ரத்தத்தில் வாரிசு எர்ஸ்கின்கள், கையில் வைத்திருந்தது அரச குடும்பம். இந்த நூறு வருடத்து எர்ஸ்கின்களையும் 'உரிமைப்படி ஏர்ல்' என்று எண்ணிச் சேர்ப்பதால்தான் 31 என்ற எண் வருகிறது. தங்களை ஒரு நாளும் ஏர்ல் என்று எழுதிக்கொள்ள முடியாதவர்களும் அந்த எண்ணிக்கையில் உண்டு.

அப்புறம் 1565. ஸ்காட்லாந்து அரசி மேரி முதலில் 1562-இல் மாரைத் தன் தந்தைக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த சகோதரர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்குக் கொடுத்தார். அவர் அதை விட்டுவிட்டு மரே பட்டத்தை வைத்துக்கொண்டார். அவருடைய தாய் ஓர் எர்ஸ்கின் பெண். மார் எங்களுடையது என்று நின்ற லார்டு எர்ஸ்கின் அவருக்குத் தாய்மாமன். 1565 ஜூன் 23-ஆம் தேதி மேரி அந்தத் தாய்மாமன் ஜானுக்கே மாரைச் சாசனமாகக் கொடுத்தார். முறையான வாரிசிடமிருந்து பறித்ததைத் திருப்பித் தருகிறேன் என்ற தொனியில்தான் அந்தச் சாசனம் பேசுகிறது. ஜானுக்கும் அவர் வாரிசுகளுக்கும் என்கிறது. ஆண் வாரிசுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் மார் நிலம் இருக்கிறது, ஏர்ல் என்ற பட்டம் தனியாக எழுதப்படவில்லை. அடுத்த மாதக் கடைசி வரை ஜான் ஆவணங்களில் லார்டு எர்ஸ்கின்தான். ஜூலை 29-இல் மேரி டார்ன்லியை மணக்கிறார். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஜான் ஏர்ல் ஆஃப் மார். நடுவில் என்ன நடந்தது என்று எந்தத் தாளிலும் இல்லை. இந்தச் சில நாட்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முந்நூறு வருடம் கழித்து ஒரு தீர்ப்பே இதன்மேல் எழும்பப்போகிறது.

ஜான் 1571-இல் ஆட்சிக்காவலராகி அடுத்த வருடமே இறந்தார். அவர் மகன், இன்னொரு ஜான், குழந்தை அரசர் ஆறாம் ஜேம்ஸோடு ஸ்டிர்லிங் கோட்டையில் சேர்ந்து படித்தவர், பின்னால் நாட்டின் நிதிப் பொறுப்பாளர். நூற்றுக்கணக்கான வருடத்தில் யார் யாரிடமோ போயிருந்த மார் நிலங்களை வழக்குப் போட்டு மீட்டது அவர்தான். 1626-இல் எல்ஃபின்ஸ்டன் குடும்பத்திடமிருந்து கில்ட்ரம்மியையும் மீட்டார். அந்த வழக்கில் அவர் நின்றது இசபெல்லாவின் வாரிசு என்ற தகுதியில். அதற்கு முன்பே 1606-இல் எல்லாப் பிரபுக்களையும் பட்டத்தின் வயதுப்படி வரிசைப்படுத்தியபோது, மாருக்கு 1404-ஐ வைத்து இடம் கொடுத்தார்கள். 1565-ஐ வைக்கவில்லை.

இவர்கள் வழியில் வந்த இன்னொரு ஜான்தான் 1715 செப்டம்பரில் பிரேமாரில், அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்காகக் கிளர்ச்சிக் கொடியை ஏற்றியவர். நவம்பரில் ஷெரிஃப்மூர் போர் வெற்றியும் இல்லாமல் தோல்வியும் இல்லாமல் முடிந்தது. 1716-இல் பிரான்ஸுக்குக் கப்பல் ஏறினார். துரோகக் குற்றத்துக்காகப் பட்டம் பறிபோனது. அவர் சகோதரர் கிரேஞ்ச் பிரபு அலோவா நிலத்தை மட்டும் விலைக்கு மீட்டார். ஜானின் மகள் ஃபிரான்சிஸை கிரேஞ்சின் மகன் மணந்தார். பெரியப்பா மகளும் சித்தப்பா மகனும். நமக்கு இது அண்ணன் தங்கை முறை, அவர்களுக்கு இல்லை. அவர்களுடைய மகனுக்குத்தான் 1824-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் பட்டம் திரும்பியது. அவர் தாய் வழியிலும் வாரிசு, தந்தை வழியிலும் வாரிசு. அதனால் எது உண்மையான வழி என்று அப்போது யாரும் கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. சட்டமோ பட்டம் இழந்தவரின் பேரன் என்றே அவரைச் சொன்னது, அதாவது தாய் வழி.

கேட்க வேண்டிய நாள் 1866-இல் வந்தது. ஜான் ஃபிரான்சிஸ் மில்லர் எர்ஸ்கின், மார் ஏர்ல், கெல்லி என்ற இன்னொரு பட்டத்தையும் வைத்திருந்தவர், பிள்ளை இல்லாமல் இறந்தார். அவருடைய சகோதரியின் மகன் ஜான் குட்ஈவ், எர்ஸ்கின் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டு, மார் ஏர்ல் நான்தான் என்றார். யாரும் தடுக்கவில்லை. எடின்பரோ ஹோலிரூட்டில் ஸ்காட்டியப் பிரபுக்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் அவர் வாக்கும் போட்டார். இறந்தவரின் சித்தப்பா மகன் வால்டர் கானிங்ஸ்பி எர்ஸ்கின், கெல்லி பட்டத்துக்கும் அலோவா நிலத்துக்கும் வாரிசானவர், மார் பட்டமும் ஆண்வழியில் எனக்கே என்று மனுப் போட்டார். 1857-இல் ஜபல்பூரில் ஆணையராக இருந்த எர்ஸ்கின் இவர்தான். 1872-இல் இவர் இறக்க, மகன் வழக்கைத் தொடர்ந்தார். தங்கை மகனா, சித்தப்பா மகனா என்ற கேள்வியை, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையின் குழு எட்டு வருடம் கேட்டது.

1875 பிப்ரவரியில் வந்த முடிவு இது. பழைய மார் பட்டம் 1457-க்குப் பிறகு அரசரிடம் கலந்து முடிந்துபோனது. 1565 ஜூன் சாசனம் நிலத்தை மட்டும் கொடுத்தது. ஜூலைக் கடைசியில் லார்டாக இருந்தவர் ஆகஸ்டில் ஏர்லாக இருப்பதால், நடுவில் மேரி ஒரு புதுப் பட்டம் படைத்திருக்க வேண்டும். அந்தப் பட்டத்தின் சாசனம் கிடைக்காத நிலையில், ஆண் வாரிசுகளுக்கே போகும் என்று அனுமானிக்க வேண்டும். ஆகவே 1565-இன் மார் பட்டம் கெல்லி ஏர்லுக்கு.

தீர்ப்புகளைக் குறை சொல்வது எளிது என்று எனக்குத் தெரியும். சாசனம் கிடைக்காவிட்டால் ஆண்வழி என்ற அனுமானம் அந்தக் குழு கண்டுபிடித்ததும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் மான்ஸ்ஃபீல்டு பிரபு காசிலிஸ் வழக்கில் வைத்த விதி அது. ஆனாலும் என் தொழிலில் இருந்தவன் இதை ஏற்கக் கஷ்டப்படுவான். யாரும் கண்ணால் காணாத ஒரு சாசனம் இருந்ததாக ஊகித்து, அந்த ஊகச் சாசனத்தில் எழுதியிருந்த வாசகத்தையும் ஊகித்து, அதன்மேல் பட்டத்தை நிறுத்தியிருக்கிறார்கள். கையில் இருக்கும் சாசனங்களோ வேறு திசையைக் காட்டுகின்றன. 1565-இல் பிறந்த பட்டம் என்றால் 1606-இல் தன்னைவிட மூத்த பட்டங்களுக்கு மேலே அது எப்படி உட்கார்ந்தது? 1626 வழக்கு இசபெல்லாவின் வாரிசு என்று சொல்லி எப்படி ஜெயித்தது? மான்ஸ்ஃபீல்டு காலத்திலேயே, 1771-இல், சதர்லேண்டு பட்டத்தை இதே சபை ஒரு சிறுமிக்குக் கொடுத்ததே? பழைய ஏர்ல் பட்டங்கள் பெண்வழியில் இறங்கும் என்பதற்கு அது பக்கத்திலேயே இருந்த எடுத்துக்காட்டு.

அந்தக் கோபம் எனக்கு மட்டும் வந்ததில்லை. ஸ்காட்டியப் பிரபுக்களிலேயே பலர் கொதித்தார்கள். கிராஃபோர்டு ஏர்ல் இந்த ஒரு வழக்குக்காக இரண்டு தொகுதி நூல் எழுதினார். குட்ஈவ்-எர்ஸ்கின் பட்டத்தை விடவில்லை. தீர்ப்பு கெல்லியின் மனுவைப் பற்றியது, பழைய பட்டத்தைக் கேட்டு நான் மனுவே போடவில்லையே என்பது அவர் நிலை. கடைசியில் 1885-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. பழைய மார் பட்டம் அழிந்ததா இல்லையா என்ற சந்தேகத்தைச் சந்தேகமாகவே ஒப்புக்கொண்டு, அதை ஜான் குட்ஈவ்-எர்ஸ்கினுக்கும் அவர் வாரிசுகளுக்கும் மீட்டுக் கொடுத்தது. 1875-இல் கெல்லிக்குக் கொடுத்ததைப் பிடுங்கவும் இல்லை. அன்றிலிருந்து மார் என்ற பெயரில் இரண்டு பட்டங்கள். பழையது வாரிசு யாரானாலும் இறங்கும், பெண்ணும் ஏறலாம். 1565-க்குரியது ஆண்வழியில் மட்டும், கெல்லியோடு சேர்ந்து 'மார் அண்ட் கெல்லி' என்று நடக்கிறது. நீங்கள் பார்த்த 31-ம் 14-ம் இந்த இரண்டு வரிசைகளின் எண்கள். ஒன்றை இன்னொன்றின் போலி என்று சொல்ல முடியாது.

சரி, உங்கள் 'அசல் யார்' என்ற கேள்விக்கு என் பதில். சட்டப்படி இருவரும் அசல். ரத்தப்படியும் இருவரும் 1565 ஜானின் சந்ததி, அவர் மூலம் எலைனின் சந்ததி. இசபெல்லாவின் டிசம்பர் சாசனத்தில் எழுதிய வாரிசு யார் என்று கேட்டால், என் வாசிப்பில் 1866-இன் தங்கை மகன்தான், அவர் வழியில் வந்த கவுன்டஸ்தான். இது என் கருத்து. சட்டம் படித்தவர்களில் 1426 ஒப்படைப்பு செல்லும் என்று நினைக்கிறவர் இதற்கு நேர்மாறாகச் சொல்லலாம், அவர் வாதமும் பலவீனமானது அல்ல. 1885 சட்டமும்கூட அறுபடாத தொடர்ச்சியை நிரூபிக்கவில்லை. அறுந்ததோ இல்லையோ, முடிச்சுப் போட்டுக் கொடுத்தது. தொடர்ச்சி ரத்தத்தில் இருக்கிறது. பட்டத்தில் 1435, 1457, 1716 என்று மூன்று இடத்தில் கத்தி பட்டிருக்கிறது.

இரண்டு குடும்பத்தாரும் இதை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தால் குழப்பம் இன்னும் குறையும். ஸ்காட்லாந்தில் குடும்பப் பெயருக்கும் சின்னத்துக்கும் தலைமை யார் என்று தீர்ப்பவர் லார்டு லயன் என்ற அதிகாரி. அந்த ஏற்பாட்டில் கவுன்டஸ் மார் பெயருக்குத் தலைவர், மார் அண்ட் கெல்லி ஏர்ல் எர்ஸ்கின் பெயருக்குத் தலைவர். உங்கள் குறிப்பேட்டில் முதலாவதன் பக்கத்தில் கில்ட்ரம்மி என்றும், இரண்டாவதன் பக்கத்தில் அலோவா என்றும் எழுதி வைத்துக்கொண்டால் மறக்காது. எர்ஸ்கின்கள் வாழ்ந்த அலோவா கோபுரம் இன்றும் கூரையோடு நிற்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம்.

பெண்களைப் பற்றி ஒரு விளக்கம் பாக்கி. 1963 வரை, தன் சொந்த உரிமையில் பரம்பரைப் பட்டம் வைத்திருக்கும் பெண்ணும் பிரபுக்கள் சபையில் உட்கார முடியாது. அந்த வருடச் சட்டம் அவர்களையும் எல்லா ஸ்காட்டியப் பிரபுக்களையும் உள்ளே விட்டது. 31-ஆவது கவுன்டஸ் மார்கரெட் 1975-இல் பட்டத்துக்கு வந்தார். 1999-இல் பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோரை வெளியே அனுப்பியபோது, தங்கிய 92 பேரில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 2020-இல் ஓய்வு பெற்றார். ஆடுகளை மருந்துத் தொட்டியில் முக்கி எடுக்கும்போது ஆர்கனோபாஸ்பேட் விஷம் தாக்கி உடல் கெட்டவர், அதன்பின் அந்த மருந்துகளின் ஆபத்தைப் பற்றிச் சபையில் விடாமல் பேசியவர். கணவர் இருந்தாலும் கவுன்டஸின் கணவருக்கு ஏர்ல் என்ற பட்டம் வராது, அதையும் பலர் தவறாக எழுதுகிறார்கள். இன்னொன்று, ஸ்காட்டியப் பட்டங்களில் அடுத்த வாரிசை 'மாஸ்டர்' என்று அழைப்பார்கள். மார்கரெட்டின் வாரிசு அவர் மகள். ஆகவே அவருக்கான பெயர் 'மிஸ்ட்ரஸ் ஆஃப் மார்'. இசபெல்லாவின் சாவிக்கொத்து போகும் கையும் ஒரு பெண்ணுடையதுதான்.